ப்ரீசெக், க்ளோபல் என்ட்ரி, க்ளியர்: எந்த க்யூவுக்கு காசு கட்றோம்?

குடியாத்தத்துலருந்து போய் டல்லாஸ்ல எச்1பி-ன்ற வேலை விசால இருக்கற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். "அக்கா, ப்ரீசெக், க்ளோபல் என்ட்ரி, க்ளியர்னு மூணு சொல்றாங்க, மூணுக்கும் காசு, எது வாங்கலாம், அடுத்த வருஷம் அம்மா அப்பாவை இட்டுனு வரப்போறேன், அவங்களுக்கும் சேத்து போட்டுடலாமா, ஊர்ல ஒரு ஏஜெண்ட் வேற ஃபாஸ்ட் ட்ராக் பேக்கேஜ்னு ஆளுக்கு இவ்ளோன்னு கேக்கறார்"னு. நான் வேலூர்ல 17 வருஷமா டிக்கெட் போடற வேலைல இருக்கேன், என் கூடப் பொறந்த தம்பியும் அமெரிக்காலதான் இருக்கான், அதனால இந்த கேள்வி வாரத்துக்கு ஒருவாட்டியாவது எங்கிட்ட வந்துடும். சுருக்கமா சொன்னா பாதிதான் புரியும், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன் தம்பி, பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயம். ஏர்போர்ட்ல க்யூன்றது ஒண்ணு கிடையாது. டிக்கெட்டும் ஐடியும் பாக்கறாங்களே அது ஒரு க்யூ, பையை மிஷின்ல விட்டு நம்மளையும் சோதிக்கறாங்களே அது ஒரு க்யூ, வெளிநாட்டுலருந்து வந்து எறங்கினா இமிக்ரேஷன்ல நிக்கறோமே அது இன்னொரு க்யூ. நீங்க சொன்ன மூணும் மூணு வேற வேற க்யூவுக்கு. க்ளியர் அந்த முதல் க்யூவுக்கு மட்டும். ப்ரீசெக் ரெண்டாவதுக்கு. க்ளோபல் என்ட்ரி மூணாவதுக்கு, ஆனா அதை வாங்கினா ப்ரீசெக்கும் கூடவே வந்துடும். இது தெரியாம எல்லாத்துக்கும் காசு கட்டிட்டு, "இன்னாக்கா, அப்பவும் நின்னுகினுதான் இருந்தேன்"னு வந்து சொல்றவங்க நிறைய பேர். உங்க நேரம் எந்த க்யூல போவுதுன்னு போன ரெண்டு மூணு பயணத்தை யோசிச்சு பாத்தீங்கன்னாலே பாதி பதில் அங்கயே வந்துடும்.

ப்ரீசெக் அமெரிக்காவோட டிஎஸ்ஏ, அதாவது ஏர்போர்ட் சோதனைய பாக்கற கவர்மெண்ட் அமைப்பு, நடத்துறது, 2011-ல ஆரம்பிச்சாங்க. அஞ்சு வருஷத்துக்கு சுமார் 77 டாலர்லருந்து 85 டாலர் வரைக்கும், எந்த கம்பெனி மூலமா பதியறீங்கன்றத பொறுத்து. லாப்டாப் வெளிய எடுக்க வேணாம், சின்ன பாட்டில்லாம் பைலயே இருக்கலாம், பெல்ட் கழட்ட வேணாம், லேசான ஜாக்கெட் போட்டுகினே போலாம். ஷூ கழட்ட வேணாம்ன்றதுதான் பெரிய சலுகையா இருந்துச்சு, ஆனா 2025 ஜூலைல அந்த விதிய எல்லாருக்குமே எடுத்துட்டாங்க, அதனால காசு கட்டறதுக்கு இருந்த காரணத்துல ஒண்ணு கொறஞ்சுபோச்சு. ஆனா உங்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம், ப்ரீசெக்குக்கு நேரடியா அப்ளை பண்ண அமெரிக்க சிட்டிசனா இருக்கணும் இல்ல க்ரீன் கார்டு இருக்கணும். எச்1பி-ல இருக்கறவங்க நேரடியா போட முடியாது. இத கவனிக்காம ஃபார்ம் ரொப்ப உக்காந்துடுவாங்க. க்ரீன் கார்டு இல்லாம இந்திய பாஸ்போர்ட் வச்சுகினு ப்ரீசெக் வேணும்னா க்ளோபல் என்ட்ரி வழியாதான் வரணும். இந்தியர்களுக்கு அந்த கதவு தொறந்தது 2017-ல.

க்ளோபல் என்ட்ரி 120 டாலர், அஞ்சு வருஷம். 2024 அக்டோபர் வரைக்கும் 100-ஆ இருந்தது. நம்ம பணத்துல பத்தாயிரத்துக்கு மேல, அப்ளிகேஷன் தள்ளுபடி ஆனா திரும்ப வராது. வருஷத்துக்கு பாத்தா 24 டாலர்தான். பணம் மட்டும் கேட்டீங்கன்னா, வருஷத்துக்கு ஒருவாட்டி ஊருக்கு வந்து போய், அமெரிக்காக்குள்ளயும் நாலஞ்சு வாட்டி பறக்கறவங்களுக்கு தாராளமா வாங்கலாம்னு சொல்லிடுவேன். ஆனா விலை 120 டாலரோட முடியல தம்பி. நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு பக்க சோதனை. அமெரிக்காக்காரன் ஒரு பக்கம் பாப்பான், நம்ம கவர்மெண்ட்டும் பாக்கணும், அதுக்கு பாஸ்போர்ட் சேவா போர்ட்டல்ல இதுக்குன்னே தனியா ஒரு வெரிஃபிகேஷன் அப்ளிகேஷன் இருக்கு, அதை போடணும், போலீஸ் விசாரணைக்கு வருவாங்க. பாஸ்போர்ட்ல குடியாத்தம் அட்ரஸ் இருந்து, அந்த வீட்ட வித்துட்டு அப்பா அம்மா காட்பாடில வாடகைக்கு இருந்தாங்கன்னா அங்கயே சிக்கல் ஆரம்பிச்சுடும். அப்ளை பண்றதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்ல இருக்கற அட்ரஸ்ல யாராவது கதவ தொறந்து பதில் சொல்ல இருக்காங்களான்னு பாத்துக்கோங்க.

அதுக்கப்புறம் இன்டர்வ்யூ. கண்டிஷனல் அப்ரூவல், அதாவது இன்டர்வ்யூ மட்டும்தான் பாக்கின்ற முதல் கட்ட ஒப்புதல், வந்தப்புறம் என்ரோல்மென்ட் சென்டர்ல ஸ்லாட் புடிக்கணும், ஊரப் பொறுத்து மாசக்கணக்குல கூட ஸ்லாட் இருக்காது. இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, நான் எல்லாருக்கும் சொல்றது அதான்: ஊருக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அப்ளை பண்ணி வச்சுடுங்க. கண்டிஷனல் அப்ரூவல் கைல இருந்தா, திரும்பி போய் எறங்கும்போது அந்த இமிக்ரேஷன் கவுண்டர்லயே இன்டர்வ்யூவ முடிச்சுடலாம், அப்பாயிண்ட்மெண்ட் வேணாம், இந்த வசதி நிறைய பெரிய ஏர்போர்ட்ல இருக்கு. இன்னொண்ணு, வருஷ சந்தா கட்டற ட்ராவல் கிரெடிட் கார்டு பலதுல இந்த 120 டாலர திருப்பி கொடுப்பாங்க, நாலு வருஷத்துக்கு ஒருவாட்டின்னு இருக்கும். உங்க பர்ஸ்ல ஏற்கெனவே அந்த கார்டு இருந்தா பாருங்க. இதுக்காகவே புதுசா கார்டு வாங்காதீங்க.

இது நெஜமாவே வேலை செய்யற இடம் எதுன்னு சொல்றேன். சென்னைலருந்து நைட் மூணு மணி வாக்குல கெளம்பற ஃப்ளைட், துபாயோ தோஹாவோ மாறி, அமெரிக்கால முதல்ல எந்த ஏர்போர்ட்ல எறங்கறீங்களோ அங்கதான் இமிக்ரேஷன், உங்க ஊர் அங்கருந்து இன்னொரு ஃப்ளைட்ட புடிச்சு போற ஊரா இருந்தாலும் சரி. அங்க க்யூல நின்னு முடிச்சு, பெட்டிய பெல்ட்லருந்து எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, திரும்ப பெட்டிய போட்டு, திரும்ப செக்யூரிட்டி போய், அடுத்த ஃப்ளைட்ட புடிக்கணும். இடையில ஒன்றரை மணி நேரம்தான்னு வச்சுக்கோங்க. அதே நேரத்துக்கு இன்னும் ரெண்டு மூணு பெரிய ஃப்ளைட் எறங்கிடுச்சுன்னா அந்த வரிசையிலயே ஒரு மணி நேரம் போயிடும். க்ளோபல் என்ட்ரி இருந்தா முகத்த காட்டி சில நிமிஷத்துல வெளிய வந்துடலாம், அடுத்த செக்யூரிட்டிக்கு ப்ரீசெக் லைன். 24 டாலருக்கு இந்த ஒரு நாள் போதும். நேரா டல்லாஸ்லயே எறங்கி, அங்கருந்து கார்ல வீட்டுக்கு போறவருக்கு மிச்சமாவறது அரைமணி ஒரு மணி நேர தூக்கம், அதுக்கு எவ்ளோ கொடுக்கலாம்ன்றத அவர்தான் சொல்லணும்.

இப்ப நான் ரொம்ப வருத்தப்படற விஷயம், பேரு. நம்ம ஊர்ல முக்கால்வாசி பேருக்கு சர்நேம் கிடையாது. பாஸ்போர்ட்ல கிவன் நேம்ல பேரு இருக்கும், சர்நேம் காலியா இருக்கும். அமெரிக்க விசால அத தலைகீழா போடுவாங்க, இருக்கற பேர சர்நேம்ல வச்சுட்டு கிவன் நேம் எடத்துல எஃப்என்யுன்னு அடிச்சுடுவாங்க, முதல் பேரு தெரியாதுன்னு அர்த்தம். அப்புறம் ஏர்லைன் வெப்சைட்ல ரெண்டு கட்டத்தையும் ரொப்பாம விடாது, ஒருத்தர் பேர ரெண்டு வாட்டி போடுவார், ஒருத்தர் அப்பா பேர போடுவார், ஒருத்தர் எஃப்என்யு போடுவார். ப்ரீசெக் எப்படி வேலை செய்யுதுன்னா, மெம்பர் ஆனப்புறம் உங்களுக்கு கொடுக்கற ட்ராவலர் நம்பர டிக்கெட்ல போடணும், அந்த நம்பர் எந்த பேருக்கு, எந்த பொறந்த தேதிக்கு கொடுத்தாங்களோ அதோட டிக்கெட்ல இருக்கற பேரும் தேதியும் அப்படியே பொருந்தணும். ஒரு எழுத்து பிசகினா போர்டிங் பாஸ்ல ப்ரீசெக் வராது. எங்கிட்ட ஒரு பையன் வந்தான், விஐடில படிச்சுட்டு போனவன், காசு கட்டி ரெண்டு வருஷம் ஆகியும் ஒருவாட்டி கூட அந்த லைன்ல போனதில்லையாம், அவன் ஆபீஸ்ல போடற டிக்கெட்ல பேரும் அப்பா பேரும் சேந்து ஒட்டிகினு இருந்துச்சு. ஏர்லைன் ப்ரொஃபைல்ல திருத்தி கொடுத்தேன், அடுத்த வாட்டிலருந்து வந்துடுச்சு. அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடி சர்நேம் விஷயத்த பாஸ்போர்ட்லயே சரி பண்ணிக்க முடியும்னா பண்ணிடுங்க, இல்லன்னா ஒரே மாதிரி எல்லா எடத்துலயும் போடறதுன்னு முடிவு பண்ணிக்கோங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன், எல்லாம் பொருந்தினாலும் சில நாள் ப்ரீசெக் வராது, அவங்களே எப்பயாவது சாதா லைனுக்கு அனுப்புவாங்க, எல்லா ஏர்லைனும் அதுல சேரவும் இல்ல.

அடுத்தது சாப்பாடு. இத யாரும் சொல்ல மாட்றாங்க, ஆனா க்ளோபல் என்ட்ரி வாங்கற நம்ம ஊர்க்காரங்களுக்கு இதான் பெரிய ஆபத்து. என் தம்பிக்கு நடந்தத சொல்றேன். அம்மா பெட்டி கட்டினாங்க. பருப்பு பொடி, எள்ளு பொடி, மாங்கா ஊறுகா, ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா, எல்லாத்தையும் நானே எட போட்டு பாத்தேன், 23 கிலோ சரியா இருந்துச்சு. நாங்க தூங்கினப்புறம் அம்மா எழுந்து பின்னாடி இருக்கற மரத்துலருந்து கறிவேப்பிலை ஒடிச்சு, ஈரம் இல்லாம துணில தொடச்சு, வாழைநார்ல கட்டி, நியூஸ்பேப்பர்ல சுத்தி, தம்பி பொண்டாட்டிக்கு எடுத்த பட்டுப்புடவை மடிப்புக்குள்ள வச்சுட்டாங்க. அங்க போனா நல்ல கறிவேப்பிலை கெடைக்காதுன்னு அவங்க நெனப்பு. அவனுக்கே தெரியாது. ஏர்போர்ட்ல சாப்பாட்டு ஐட்டம் எதுவும் இல்லன்னு சொல்லிட்டு வேகமா வெளிய போக பாத்திருக்கான், மோப்ப நாய் பெட்டிகிட்ட வந்து உக்காந்துடுச்சு. ஆபிசர் புடவைய பிரிச்சா, உள்ள அந்த கொத்து, இன்னும் வாடக்கூட இல்லயாம், அப்படியே பச்சையா இருந்துச்சாம். பச்ச கறிவேப்பிலைக்கு அங்க தடை, ஏன்னா எலுமிச்ச ஆரஞ்சு மரத்தையெல்லாம் அழிக்கற ஒரு நோய பரப்பற பூச்சி இந்த செடியிலயும் தங்கும், கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். ஃபைன் ஒரு பக்கம் போச்சு, கொஞ்ச நாள்ல க்ளோபல் என்ட்ரிய ரத்து பண்ணி லெட்டர் வந்துச்சு, அதோட ப்ரீசெக்கும் போச்சு. சாதாரண பயணிக்கு ஃபைனோட போயிருக்கும், நம்பிக்கையான பயணின்னு பேர் கொடுத்தப்புறம் பொய் சொன்னா அந்த பேர பிடுங்கிடுவாங்க. அம்மாவுக்கு இன்னும் முழுசா சொல்லல, சொன்னா மனசு ஒடைஞ்சுடுவாங்க.

அதனால தம்பி, பெட்டிய நீங்களே கட்டுங்க, கட்டினப்புறம் பூட்டுங்க. பொடி, ஊறுகா, இனிப்பு எதுவா இருந்தாலும் இருக்குன்னு சொல்லிடுங்க. சொல்லிட்டா ஒண்ணும் பண்ண மாட்டாங்க, ஆகாதத எடுத்து வச்சுப்பாங்க, அவ்ளோதான். கறி, கருவாடு, பச்ச காய், பழம், வெத இதெல்லாம் எடுத்துனு போகவே போகாதீங்க. எலவம்பாடி முள்ளுக்கத்திரிக்கா வெத கேட்டு எங்கிட்டயே ரெண்டு பேர் கெஞ்சினாங்க, பாசம் புரியுது, ஆனா வேணாம்.

க்ளியர் பத்தி நிறைய சொல்ல ஒண்ணுமில்ல. அது ப்ரைவேட் கம்பெனி, வருஷத்துக்கு 209 டாலர், ஐடி பாக்கற எடத்துல மட்டும் உங்கள முன்னாடி கொண்டுபோய் விடுவாங்க, பை சோதனைக்கு மறுபடியும் எல்லாரோடயும்தான். அஞ்சு வருஷத்துக்கு ஆயிரம் டாலர தாண்டுது, அதே அஞ்சு வருஷத்துக்கு க்ளோபல் என்ட்ரி 120. வாராவாரம் ஆபீஸ் வேலையா பறக்கறவரா இருந்து, உங்க ஏர்போர்ட்ல ப்ரீசெக் லைனே நீளமா இருந்து, கம்பெனியும் காசு கொடுத்தா வாங்கிக்கோங்க. கைக்காசு போட்டு வேணாம்.

அம்மா அப்பா விஷயத்துக்கு வரேன். விசிட்டர் விசால வர்ற இந்தியர்களும் க்ளோபல் என்ட்ரிக்கு அப்ளை பண்ணலாம்தான், தடை இல்ல. ஆனா ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருவாட்டி வர்றவங்களுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன், இன்டர்வ்யூ, அதுவும் இங்கிலீஷ்ல, எதுக்கு? அது மட்டும் இல்ல, நீங்க மட்டும் க்ளோபல் என்ட்ரி வச்சுகினு அவங்களோட வந்தீங்கன்னா அவங்க உங்க லைன்ல வர முடியாது, ஆளாளுக்கு தனி மெம்பர்ஷிப் வேணும். நீங்க முன்னாடி போய் வெளிய நிப்பீங்களா? மாட்டீங்க, அவங்களோடதான் நிப்பீங்க. ப்ரீசெக்ல மட்டும் 12 வயசு வரைக்கும் புள்ளைங்கள கூட இட்டுனு போலாம், பெரியவங்கள முடியாது.

அவங்களுக்கு செலவே இல்லாம ரெண்டு மூணு வழி இருக்கு. அபுதாபி வழியா டிக்கெட் போட்டா அமெரிக்க இமிக்ரேஷன் அபுதாபிலயே முடிஞ்சுடும், 2014-லருந்து அங்க அந்த வசதி இருக்கு. அமெரிக்கால எறங்கும்போது உள்ளூர் ஃப்ளைட்ல வந்த மாதிரி நேரா வெளிய வந்துடலாம், அசதியா எறங்கி வரிசையில நிக்க வேணாம். ஆனா அபுதாபில கூடுதலா ஒரு செக்யூரிட்டி இருக்கு, அதனால நடுவுல மூணு நாலு மணி நேரமாவது இருக்கற மாதிரி டிக்கெட் போடுங்க. ரெண்டாவது வீல்சேர். அம்மாவுக்கு முட்டி வலின்னு எழுதியிருக்கீங்க, அப்ப டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்குங்க, காசு கிடையாது, தள்ற ஆளே இமிக்ரேஷன் வரைக்கும் கூட வருவாங்க. அப்பா நல்லா நடக்கறார்னா அவருக்கு போடாதீங்க. எங்க ஊர்ல சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு கல்கத்தாலருந்தும் வடகிழக்குலருந்தும் ஆபரேஷன் பண்ணிகினு திரும்பற எத்தனையோ பேர் சென்னை ஏர்போர்ட்ல வீல்சேருக்காக காத்துகினு இருக்கறத நான் பாத்திருக்கேன், இல்லாத வலிய சொல்லி அத எடுக்கறது எனக்கு மனசு ஒப்பல.

மூணாவது நான் செய்யறது, அதே தேதில ராணிப்பேட்டையோ ஆம்பூரோ யாராவது போறாங்களான்னு பாத்து ரெண்டு குடும்பத்தையும் ஒரே ஃப்ளைட்ல போட்டுடறது. முன்னாடியே ஃபோன்ல பேசிக்குவாங்க, ஒருத்தருக்கு இங்கிலீஷ் தெரியும், இன்னொருத்தர் ஏற்கெனவே போனவரா இருப்பார். தோஹாலயும் ஃப்ராங்க்ஃபர்ட்லயும் பெரியவங்க பயப்படறது க்யூவுக்கு இல்ல, தொலைஞ்சு போயிடுவோமோன்னுதான். டிக்கெட் போடற எடத்துல இத கேளுங்க, பண்ணி கொடுப்பாங்க.

இந்த பக்கம் சென்னைல எதுவுமே காசு கட்ட வேணாம். நம்ம கவர்மெண்ட்டே 2024 ஜூன்ல டெல்லில ஒரு ஃபாஸ்ட் ட்ராக் இமிக்ரேஷன் ஆரம்பிச்சாங்க, எஃப்டிஐ-டிடிபின்னு பேரு, 2025 ஜனவரில சென்னை, பெங்களூர் உட்பட இன்னும் ஏழு ஏர்போர்ட்டுக்கு வந்துடுச்சு. இந்திய பாஸ்போர்ட்டுக்கும், வெளிநாட்டு சிட்டிசனா இருக்கற நம்ம வம்சாவளிக்காரங்க வச்சிருக்கற ஓசிஐ கார்டுக்கும், முழுசா இலவசம். ஆன்லைன்ல அப்ளை பண்ணி, ஒருவாட்டி ஏர்போர்ட்லயோ எஃப்ஆர்ஆர்ஓன்ற வெளிநாட்டவர் பதிவு ஆபீஸ்லயோ கைரேகையும் முகமும் கொடுக்கணும், அப்புறம் அஞ்சு வருஷம் இல்ல பாஸ்போர்ட் முடியற வரைக்கும், எது முன்னாடியோ அது. பாஸ்போர்ட்ல ஆறு மாசமாவது பாக்கி இருக்கணும். ராத்திரி நேரத்துல சென்னைல இமிக்ரேஷன் ஹால் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், அங்க தானா தொறக்கற கேட்ல போறது பெரிய நிம்மதி. உள்ளூர் ஃப்ளைட்டுக்கு டிஜியாத்ரா, அதுவும் இலவசம், 2022 டிசம்பர்லருந்து இருக்கு, ஆதார வச்சு முகத்த பதிஞ்சுட்டா வாசல்ல பேப்பர் காட்ட வேணாம், விருப்பம் இருந்தா மட்டும் போடுங்க, கட்டாயம் இல்ல.

இப்ப அந்த ஏஜெண்ட் பேக்கேஜ். அவர்ட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இது எந்த க்யூ சார்?" செக்-இன் கவுண்டர்ல முன்னாடி விடறது, போர்டிங்ல முன்னாடி ஏத்தறது, பெட்டி தூக்க ஒரு ஆள், இதெல்லாம் விக்கறாங்க, அது நெஜமான சேவைதான். ஆனா உள்ள சிஐஎஸ்எஃப் பாதுகாப்பு படை பண்ற சோதனை எல்லாருக்கும் ஒண்ணுதான், எவ்ளோ காசு கட்டினாலும் தட்டிப் பாத்துதான் அனுப்புவாங்க. செக்யூரிட்டியே இல்லாம அனுப்பறேன்னு யாராவது சொன்னா அவங்ககிட்ட பணம் கொடுக்காதீங்க. முதல் பயணம், தனியா போறாங்க, கூட யாரும் கெடைக்கலன்னா கூடவே வந்து வழி காட்டற மீட் அண்ட் அசிஸ்ட் சேவைக்கு ஒரு தொகை கொடுக்கறதுல தப்பில்ல, அதுவும் சென்னைல வேணாம், ஃப்ளைட் மாறற ஊர்ல வாங்குங்க, கஷ்டம் அங்கதான்.

உங்களுக்கு நான் செய்யச் சொல்றது இது. உங்க க்ரீன் கார்டு பக்கத்துல வந்துடுச்சுன்னா கொஞ்சம் பொறுங்க, வந்தப்புறம் போட்டா நம்ம ஊர் போலீஸ் விசாரணை வேலை மிச்சம், அதோட மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல்னு ஒரு இலவச ஆப்பும் அப்ப உங்களுக்கு கெடைக்கும், பல ஏர்போர்ட்ல அதுக்கு தனி லைன். இன்னும் வருஷக்கணக்குல ஆகும்னா, வருஷம் ஒருவாட்டி ஊருக்கு வந்து நடுவுல ஃப்ளைட் மாறி போறவரா இருந்தா, க்ளோபல் என்ட்ரி இப்பவே போடுங்க. அம்மா அப்பாவுக்கு எஃப்டிஐ-டிடிபி இந்த மாசமே அப்ளை பண்ணிடுங்க, கைரேகை கொடுக்க சென்னை போற அன்னைக்கு காலையில சீக்கிரமா கெளம்பச் சொல்லுங்க, வாலாஜாலருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ரோடு வேலைல மாட்டினா அப்பாயிண்ட்மெண்ட் போயிடும். அம்மா பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கான்னு மட்டும் பாத்து சொல்லுங்க, இருந்தா டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடுங்க.